காலர் நுனிக் கறை

இந்த வசனத்தை உனக்காகத்தான்டி எடுத்தேன். நீயோ கொட்டாவி விடுகிறாய்.

வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்க, அவள் மனம் இன்னொரு பக்கம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை. அவள் வீட்டு முன்னறையில் பெண்கள் ஜெபக்கூட்டம். இருந்த ஒரே நல்ல நாற்காலியில் பாஸ்டரம்மா. மற்றப் பத்துப் பேரும் தரையில். கதவோரமாக, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிறவள் மாதிரி ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி, அவள் கொழுந்தனின் மனைவி. மாடியறையில் குடியிருப்பவள். அவள் வேலை பார்க்கும் அதே தொழிற்சாலையில் காலர் தைப்பவள்.

"பிறத்தியார் கண்ணுல கிடக்கிற துரும்பு நமக்குப் பளிச்சுன்னு தெரியுது. நம்ம கண்ணுல ஒரு உத்திரமே கிடக்குது, அது தெரியலை," என்று அவள் சொன்னாள். சொல்லும்போது பார்வை கதவோரத்தில் இருந்தது. "தப்பைச் சுட்டிக் காட்டினா ஒத்துக்கணும். ஒத்துக்காம, காட்டினவங்க மேலயே பாயறது இருக்கே, அதுதான் உத்திரம்."

வேதத்தில் அப்படி இல்லை என்பது அவளுக்கே தெரியும். பாஸ்டரம்மா லேசாகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். 

பிறகு ஆளுக்கொரு ஜெபம். வரிசை கதவோரத்துக்கு வந்தபோது ஓரகத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு, குழந்தை மாதிரிக் குரலை வைத்துக்கொண்டாள். 

"ஆண்டவரே, எங்க அக்காவுக்காக உம்மைக் கெஞ்சிக் கேக்கறேன். வயசாகுது. நாள் முழுக்க வெள்ளைச் சட்டையையே பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு. இல்லாத கறையெல்லாம் தெரியுது. அவங்களுக்குப் பார்வையைக் குடுங்கப்பா."

"ஆமென்," என்றார்கள் எல்லோரும். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

அடுத்தது அவள் முறை. பொய் பேசும் நாவுகளுக்காகவும், பெரியவர்களை மதிக்காத வீடுகளுக்காகவும், செய்யும் வேலையில் உண்மையில்லாத கைகளுக்காகவும் அவள் ஏழு நிமிடம் உருகி உருகி ஜெபித்தாள். ஆண்டவரை நடுவில் நிறுத்தி இரண்டு பேரும் கல்லெறிந்துகொண்டார்கள்; அவர் குனிந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

*

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் 'கண்கொத்தி'. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். கண்கொத்திப் பாம்பு மாதிரிப் பார்க்கிறாளாம். தெரிந்தும் தெரியாதவள் போல இருந்தாள். உள்ளூர அதில் ஒரு பெருமையும் இருந்தது. பதினாறு வருடமாகச் செக்கர். தைத்து வரும் சட்டை பெட்டிக்குப் போகலாமா, தையல்காரரிடமே திரும்ப வேண்டுமா என்று சொல்வது அவள் வேலை. குற்றம் இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஒவ்வொரு கட்டிலும் தைத்தவரின் எண் எழுதிய டிக்கெட் இருக்கும். யார் தைத்தது என்று பார்த்துவிட்டுத்தான் கட்டைப் பிரிப்பாள். 

பார்ப்பதற்கு அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. முதலில் காலரைத் தூக்கித் தையல் பார்ப்பாள். பிறகு தோள், கை, பாக்கெட், பக்கவாட்டு, கீழ்மடிப்பு. ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி காலருக்கே வந்து, கடைசியாக ஒரு முழுப் பார்வை. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தால்தான் அவளுக்கு ஒரு சட்டை முடிந்த மாதிரி. மேஜைக்கு மேலே முழங்கை மாதிரி மடங்குகிற ஒரு விளக்கு. சந்தேகம் வந்தால் மட்டும் அதன் மூட்டைப் பிடித்துக் கீழே இழுத்துத் துணிக்கு நேராக வைத்துப் பார்ப்பாள். திங்கட்கிழமை காலையில் அந்த மூட்டு கிறீச்சென்று கத்தி உயிரை வாங்கியது. மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவன் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்துவிட்டுப் போகும்போது, "இனி உங்க விளக்குல எண்ணெய் குறையாதுக்கா. மணவாளன் எப்ப வந்தாலும் நீங்க ரெடி," என்றான். அவனும் அதே சபைதான். வாயைத் திறந்தால் இப்படி வேத உவமைதான்.

அன்று மதியம்தான் முதல் கறை. வெள்ளைக் காலரின் இடது நுனியில், மேல் பக்கம், மெல்லிய மஞ்சளாகத் தேய்பிறை மாதிரி ஒரு கீற்று. தையல் இயந்திர எண்ணெய். அவள் டிக்கெட்டைப் பார்த்தாள். பார்க்காமலே தெரியும். ஓரகத்தியின் எண்.

நெஞ்சில் சுருக்கென்று ஏதோ குத்தியது. அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டாள். சந்தோஷமும் சில நேரம் அப்படித்தான் குத்தும்.

அந்தக் கட்டின் மீதிச் சட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தாள். முதலாவதையும் சேர்த்து நான்கு கிடைத்தன. அடுத்த கட்டில் ஆறு. செவ்வாய்க்கிழமை பதினான்கு. ஸ்டிக்கர் ஒட்டிய சட்டைகள் அவள் மேஜையிலிருந்து மூன்றாவது வரிசைக்குத் திரும்பிப் போவதை எல்லாத் தையல்காரிகளும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். 

ஓரகத்தி சும்மா இருக்கிற ஆளில்லை. எழுந்து நேராக மேஜைக்கே வந்தாள்.

"அக்கா, என் மிஷின்ல எண்ணெய் ஒழுகலை. வந்து கையை வெச்சுப் பாருங்க."

"நான் ஏன் வரணும்? துணி சொல்லுது."

"துணி சொல்லுதா, இல்லை நீங்க சொல்ல வைக்கிறீங்களா?"

"உறவுன்னு பார்த்து விட்டுடுவேன்னு நினைச்சியா? என் கூடப்பிறந்தவளா இருந்தாலும் ஸ்டிக்கர் ஸ்டிக்கர்தான்."

"கூடப்பிறந்தவளா இருந்தா இந்த மேஜைக்கே அனுப்பியிருக்க மாட்டீங்க. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். வேற என்ன," என்று சொல்லிவிட்டு அவள் போனாள். மூன்றாவது வரிசையில் சிரிப்பு ஓடியது. அந்தச் சிரிப்புக்குத்தான் அன்று மாலை அந்த வசனம்.

புதன்கிழமை இன்னும் பதின்மூன்று. ஆக முப்பத்தேழு. 

மாலை நான்கு மணிக்கு சூப்பர்வைசர் வந்தார். கழுத்தில் எப்போதும் தொங்கும் கடிகாரத்தால் அவருக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர். யார் ஒரு காலரை எத்தனை வினாடியில் தைக்கிறார்கள் என்பதைத் தவிர மனிதர்களைப் பற்றி அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

"வெள்ளிக்கிழமை சரக்கைப் பார்க்க பையர் ஆளுங்க வர்றாங்க. ஒரு ஆளால முழு லாட்டும் மாட்டிக்கும். நான் மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு அந்தம்மாவை உள்ள விட வேண்டாம், பதினோரு மணிக்கு ஆபீஸுக்கு வந்து கணக்கை முடிச்சிட்டுப் போகட்டும். உங்க ரிப்போர்ட் வேணும். மூணு நாள், ஒரே டெய்லர், முப்பத்தேழு பீஸ்னு எழுதி ஒரு கையெழுத்து."

"நாளைக்குக் காலைல போட்டுத் தர்றேன் சார்."

"சொந்தக்காரங்க வேற. சங்கடமா இருந்தா..."

"ஒரு சங்கடமும் இல்லை."

அந்தத் தாள் என்ன செய்யும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வேலையில் குற்றம் என்று வெளியேற்றிய தையல்காரியை இந்தத் தெருவில் இருக்கும் மற்ற நான்கு தொழிற்சாலைகளும் வாசலிலேயே திருப்பி அனுப்பும். கொழுந்தன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து எட்டு மாதமாகப் படுத்திருக்கிறான். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். அந்த வீடு ஓடுவது ஒரே ஒரு தையல் இயந்திரத்தால், அதுவும் தொழிற்சாலையுடையது. எல்லாம் தெரியும். தெரிந்தும், நான் என்ன பண்ண முடியும், துணி சொல்கிறது என்று மனம் சாவதானமாகக் கையைக் கழுவியது. 

*

பகை எங்கே தொடங்கியது என்று யாராவது கேட்டால் அவள் மாமியாரின் படுக்கையைச் சொல்வாள்.

மாமியார் நான்கு வருடம் கிடையாகக் கிடந்தார். வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் புரட்டிப் போட்டது, துடைத்தது, புண்ணுக்கு மருந்து வைத்தது, ஊட்டியது எல்லாம் மூத்த மருமகளான அவள். மாடியிலிருந்து இளையவள் ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்து, "எப்படி இருக்கீங்கத்தை?" என்று கேட்டுவிட்டுப் போவாள். கடைசி நான்கு நாள் மட்டும் என்னவோ வந்து உட்கார்ந்தாள். அந்த நான்கு நாளில் ஒரு நாள்தான் கிழவி இளையவள் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி, "நீதான்டி என் மக" என்றார். உயிரும் இளையவள் மடியில்தான் போனது. அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் இளையவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நாலு வருடம் நான், நாலு நாள் அவள் என்று அவள் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

ஆனால் அந்தக் கதையில் அவள் ஒருவரிடமும் சொல்லாத ஓர் இடம் உண்டு. 

கிழவி அந்த வார்த்தையைச் சொன்ன நாள் மதியம் தண்ணீர் கேட்டார். பலவீனமான குரல்தான், ஆனால் சமையலறைக்குக் கேட்கும் குரல். லீவு போட்டிருந்த அவள் அடுப்பருகே நின்றிருந்தாள். கேட்டது. இரண்டாவது தடவையும் கேட்டது. இரண்டு இரவு தூங்காத உடம்பு. அதைவிட, நான்கு வருடமாக ஒரு நல்ல வார்த்தை கேட்காத மனது. கத்தட்டும் என்று நின்றாள். ஐந்தாவது தடவை குரல் அழுகையாக மாறியபோதும் நின்றாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இளையவள் இறங்கி வந்து, சமையலறை வாசலில் ஒரு நொடி நின்று, கையில் ஒரு வேலையும் இல்லாமல் நிற்கும் இவளைப் பார்த்தாள்.  உள்ளே வந்து, டம்ளரை எடுத்து, தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். 

மூன்று வருடமாகிறது. இவ்வளவு சண்டையில், இவ்வளவு குத்தல் பேச்சில், ஓரகத்தி ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. இரக்கப்பட்டா, சமயம் பார்த்தா என்று தெரியவில்லை. ஒருவேளை அன்று கவனிக்கவே இல்லையோ. அந்தச் செருப்புச் சத்தம் படியில் இறங்கும்போதெல்லாம் அவள் சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அதற்கும் வெறுப்பு என்றே பெயர் வைத்திருந்தாள்.

*

வியாழக்கிழமை காலை மூன்றாவது வரிசையில் ஓரகத்தியின் இயந்திரத்தில் 'ரயில்' உட்கார்ந்திருந்தாள். வேகமாகத் தைக்கிற, அதைவிட வேகமாகப் பேசுகிற தையல்காரி. 

"கண்ணு பட்ட மாதிரி இருக்கு இந்த மிஷின். யார் வயித்தெரிச்சலோ," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே தைத்தாள்.

முதல் கட்டு மேஜைக்கு வந்தது. அதே இயந்திரம் என்பதால் அவள் ஒவ்வொரு சட்டைக்கும் விளக்கை இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது சட்டையில் பிறை.

அப்பாடா என்றிருந்தது. இயந்திரம்தான். ஒழுகுவது தெரிந்தும் மறைத்திருக்கிறாள், திமிர் பிடித்தவள். மெக்கானிக்கை வரச் சொன்னாள். அவன் இயந்திரத்தின் தலையைச் சாய்த்து, அடியில் ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்து, துணியைக் கொடி மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தான். 

"பாருங்க. செவ்வாய்க்கிழமை உங்க தங்கச்சி போட்ட சத்தத்துல தொட்டி எண்ணெயை அப்பவே வடிச்சிட்டேன். ரெண்டு நாளா பட்டினி போட்டிருக்கேன் அந்த மிஷினை. பாலைவனம்க்கா அது. கறை வேற எங்கிருந்தோ வருது."

"எங்கிருந்து வரும்?"

"அது உங்க டிபார்ட்மென்ட். நீங்கதானே கண்ணு, நாங்கெல்லாம் கை."

அவன் போனதும் நான்காவது சட்டையை எடுத்தாள். விளக்கை இழுத்தாள். காலரைத் தூக்கினாள். சுத்தம். தோள், கை, பாக்கெட், பக்கவாட்டு, கீழ்மடிப்பு. மறுபடி காலர்.

இடது நுனியில் பிறை.

சட்டையைக் கீழே வைத்தாள். முதல் பார்வையில் இல்லை. கடைசிப் பார்வையில் இருக்கிறது. நடுவில் அந்தக் காலரைத் தொட்டது யார்? 

இடது கையைத் திருப்பிப் பார்க்கச் சிறிது நேரம் ஆயிற்று. பார்க்காமலிருந்தால் ஒருவேளை இருக்காது என்பதுபோல. கட்டைவிரலின் ஓரத்தில், நகத்தை ஒட்டி, மினுமினுவென்று வளைவாக ஒரு பளபளப்பு. விளக்கின் மூட்டை அண்ணாந்து பார்த்தாள். மடிப்பில் தேன் மாதிரி ஒரு சொட்டு திரண்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்று நாளும் தன் கைதான்.

முதலில் வந்த நினைப்பு கறையைப் பற்றியல்ல, விளக்கைப் பற்றி. ஒரு துணியால் துடைத்துவிட்டால் போதும். யார் கண்டது? நாளையிலிருந்து கறை இருக்காது. அவள் போனாள், கறையும் போனது என்று ஊரே சொல்லும். அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? துடைக்கும் துணி மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. கையில் எடுத்தும்விட்டாள். 

அப்போதுதான் இரண்டாவது நினைப்பு வந்தது. அது முதல் நினைப்பை விடக் கொடியது. 

மற்றவர்கள் சட்டையில் கறை இருந்ததா?

இருந்தது. திங்கட்கிழமை ரயிலின் கட்டில் ஒன்று. செவ்வாய்க்கிழமை முதல் வரிசைக்காரியுடையதில் ஒன்றோ இரண்டோ. கறை நீக்கும் குப்பியை எடுத்து ஒரு பீச்சு, ஒரு தேய்ப்பு, போய்விட்டது. தள்ளுவண்டியில் ஓரகத்தியின் துணியோடு உரசி ஒட்டியிருக்கும் என்று தனக்குத்தானே காரணமும் சொல்லிக்கொண்டாள். அவற்றுக்கு ஸ்டிக்கர் இல்லை. எத்தனை என்ற எண்ணிக்கையும் இல்லை. எண்ணியது ஒருத்தியுடையதை மட்டும். மற்றவர்கள் துணிக்கு விளக்கு மேலேயே இருந்தது, எப்போதாவதுதான் இறங்கும். இவள் துணிக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் இறங்கியது. நெருங்கி நெருங்கிப் பார்க்கத்தான் கறை விழுந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் அத்தனை சட்டையும் வெள்ளையாகவே போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை தான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. உத்திரம் என்றால் ஏதோ பெரிய பாவம், கொலை களவு என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தாள். தினமும் கையால் தொட்டு இழுக்கிற, அதன் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஊரை எடைபோடுகிற ஒன்றாக இருக்குமென்று நினைக்கவில்லை. 

அழுகை வரவில்லை. அவமானமும் ஓரகத்தி மேல் கோபமாகத்தான் வந்தது. இவள் ஒருத்தி இல்லாமலிருந்தால் நான் எவ்வளவு நல்லவளாக இருந்திருப்பேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதைத் தானே கேட்டு, சீ என்று ஆயிற்று. சமையலறையில் ஒரு நொடி நின்ற அந்த முகம் நினைவுக்கு வந்தது. பார்த்தவள், அம்புக்குறி ஒட்டாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு போனவள். இரக்கமோ சூதோ, ஒட்டவில்லை. 

துணியை இழுப்பறையில் போட்டுவிட்டு, விரலைத் துடைக்காமலே எழுந்தாள்.

*

ஆபீஸ் என்பது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. சூப்பர்வைசர் ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சிறு குறி. 

"சார், கறை அவ மிஷின்ல இருந்து வரலை. என் விளக்குல இருந்து வருது. மூட்டுல எண்ணெய். என் கைபட்டுத்தான் காலர்ல ஒட்டுது," என்று விரலைக் காட்டினாள்.

அவர் விரலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கழுத்துக் கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். 

"இதை நேத்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"நேத்து தெரியாது சார்."

"மேனேஜர்கிட்ட சொல்லியாச்சு. மூணு நாளா ஒரு டெய்லர்னு சொன்னவன் நான். இப்போ போய், இல்லை சார், எங்க செக்கர் கைதான்னா என் மூஞ்சியை எங்க வெச்சுக்கிறது? உங்க மூஞ்சியைத்தான் எங்க வெச்சுப்பீங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. ஓரகத்தி. ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கட்டும் புடவை. சண்டைக்கு வந்தாலும் சாவுக்கு வந்தாலும் அதைத்தான் கட்டுவாள். கண் வீங்கியிருந்தது. குரலில் அது தெரியாமல் பார்த்துக்கொண்டாள். 

"வந்துட்டேன் சார். எங்க கையெழுத்து? அக்கா முதல்லயே போட்டுட்டாங்களா? அவங்க எப்பவும் முந்திக்குவாங்க."

"போடலை," என்றாள் அவள். "கறை என் விளக்குல இருந்து வந்திருக்கு. உன் மேல தப்பில்லை."

ஓரகத்தி அவள் விரலைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள், அல்லது ஏசுவாள் என்று அவள் எதிர்பார்த்து நின்றாள். 

"உங்க விளக்குன்னா," என்று நிதானமாகக் கேட்டாள் ஓரகத்தி, "உங்க மேஜைக்கு எல்லார் துணியும்தானே வருது? அவங்க காலர்ல கறை படலையா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்.  

"பட்டுச்சு."

"அதை என்ன பண்ணீங்க?"

"துடைச்சிட்டேன்."

"என்னோடதை?"

"ஸ்டிக்கர் ஒட்டினேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. ஓரகத்தி தலையை ஆட்டிக்கொண்டாள், நெடுநாளாகத் தெரிந்த ஒன்றை யாரோ கடைசியில் எழுதிக் கொடுத்த மாதிரி. 

"சரி," என்றாள். "மன்னிச்சுடுன்னு மட்டும் கேட்டுடாதீங்க. எனக்கு வராது."

"கேக்கலை."

"இதுக்கும் ஒரு ஜெபக்கூட்டம் வைப்பீங்களாக்கா? எந்த வசனம் எடுப்பீங்க?"

 வேறு நாளாக இருந்தால் நாக்கில் ஏழு பதில் வரிசையில் நின்றிருக்கும்.

"குடும்பச் சண்டையை வீட்டுல வெச்சுக்கங்க," என்று சூப்பர்வைசர் எழுந்தார். வெளியே போய், மூன்றாவது வரிசை ஓரத்தில் கிடந்த ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் மேஜையில் போட்டார். ஓரகத்தி புதன்கிழமை மாலை தைத்து முடித்த கட்டு. யாரும் இன்னும் பார்க்காதது. 

"கறை வேண்டாம். விடுங்க. இதுல இருபது பீஸ் இருக்கு. உட்கார்ந்து பாருங்க. உங்க கண்ணுக்குக் கிடைக்காததா? ஒரு நாலு குத்தம் எடுத்துக் குடுங்க, நான் ரிப்போர்ட்டை மாத்தி அடிச்சுக்கறேன். மேனேஜர்கிட்ட சொன்னது சொன்னதாவே இருக்கும். விளக்கு விஷயம் இந்த ரூமைத் தாண்டாது. உங்களுக்கும் நல்லது."

"பார்க்கட்டும் சார்!" ஓரகத்தியின் குரல் உயர்ந்தது. "நல்லாப் பார்க்கட்டும். என் தையல்ல ஒண்ணும் இருக்காது. பாருங்கக்கா, ஏன் நிக்கறீங்க? பார்க்கறதுக்குத்தானே பிறந்தீங்க?"

பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கட்டு விழுந்த விதத்தில் மேல் சட்டையின் காலர் மடங்கித் திரும்பியிருந்தது. காலர் பட்டியை ஒட்டி, தையல் ஓரிடத்தில் தவறியிருந்தது. இரண்டு கண்ணி. இது விளக்கிலிருந்து விழுந்தது அல்ல. உண்மையான குற்றம். புருஷனுக்கு மருந்து கொடுக்க ஓடும் அவசரத்தில் மாலை நேரத்தில் ஓரகத்தி தைப்பதில் அது வரும் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். பதினாறு வருடக் கண் அதை ஒரு நொடியில் பிடித்துவிட்டது. கூடவே அந்தச் சுருக்கென்ற குத்தலும் வந்தது, நெஞ்சில், அதே இடத்தில். இந்தத் தடவை அவள் அதற்குக் கோபம் என்று பெயர் வைக்கவில்லை. 

கை தன்னாலே மேலே எழுந்தது, இல்லாத விளக்கைப் பிடித்து இழுப்பதற்கு. பாதியில் நிறுத்தினாள். 

"பேனா வேணுமா?" என்றார் சூப்பர்வைசர்.

கட்டின் டிக்கெட்டைப் பிரித்தெடுத்து இரண்டாகக் கிழித்து அவர் மேஜையில் வைத்தாள். பிறகு கட்டை, அதன் முடிச்சை அவிழ்க்காமலே, இரண்டு கையாலும் அவர் பக்கமாகத் தள்ளினாள். வெள்ளைத் துணியில் அவள் கட்டைவிரல் பட்ட இடத்தில் மஞ்சளாக ஒரு கீற்று விழுந்தது. அதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"வேற மேஜைக்குக் குடுங்க சார். யார் தைச்சதுன்னு தெரியாதவங்க பார்க்கட்டும். இருந்தா இருக்குன்னு சொல்லட்டும், இல்லேன்னா இல்லைன்னு சொல்லட்டும்."

"நீங்க பார்க்க மாட்டீங்களா?"

"இவ தையலை நான் பார்க்க மாட்டேன் சார்," என்றாள்.